ரத்தக் கொதிப்புக்குக் காரணம் நான் விழுங்கிய கோபமா?

ஊமைக்கோட்டான் எழுதியது:

வயது 43. ரத்தக் கொதிப்பு என்று போன மாதம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் ஆளாளுக்கு ஒரே காரணத்தைத்தான் சொல்கிறார்கள். "எல்லாத்தையும் உள்ளயே வெச்சுப் பூட்டிக்கிறீங்க, அது வெளிய வர வழியில்லாம ரத்தத்துல கொதிக்குது." மனைவி சொன்னாள், மச்சான் சொன்னான், மாமனாரும் சொன்னார். மாமனார் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். அவர் நல்ல சேதியையும் சத்தமாகத்தான் சொல்வார். "எனக்குப் பாருங்க மாப்பிள்ளை, வந்தா கத்திடுவேன், அதோட சரி. உடம்புல ஒண்ணும் தங்காது" என்றார்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தொலைபேசியில் புகார் கேட்கும் வேலை, 16 வருடமாக. ஒரு நாளைக்கு 50, 60 அழைப்பு. திட்டுவதற்கென்றே கூப்பிடுகிறவர்கள் தினமும் நாலைந்து பேராவது உண்டு. மேசையில் ஒரு சின்னக் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். பேசும்போது அதில் நம் சிரிப்பு நமக்குத் தெரிய வேண்டுமாம், சிரித்தால் குரலில் கேட்குமாம். "உங்கள் சிரமம் புரிகிறது" என்ற வாக்கியத்தை இதுவரை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று ஒருநாள் கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

நான் வளர்ந்த வீட்டில் யாரும் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அப்பாவுக்குக் கோபம் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். திரும்பும்போது கோபம் இருக்காது. எங்கே போனீர்கள் என்று நாங்களும் கேட்கமாட்டோம். எங்கள் வீட்டில் மௌனம் என்றால் விஷயம் முடிந்தது என்று பொருள். மனைவி வீடு நேர் எதிர். ஒரே சமயத்தில் நாலு பேர் கத்துவார்கள். கத்தினவர்களே பத்து நிமிடத்தில் சேர்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். கல்யாணமான புதிதில் நான் பயந்துபோய் வாசலுக்கு வந்து நின்றிருக்கிறேன். இந்தப் பெயரை எனக்கு வைத்ததே அவர்கள்தான்.

மருத்துவர் ஒரு நாள் முழுக்கக் கையில் பட்டை கட்டிவிட்டார். அரை மணிக்கு ஒருமுறை தானாகவே இறுக்கி அளவெடுக்கும். ஒவ்வொரு முறையும் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டும். அதிலிருந்து சில:

காலை 11 மணி. ஒருவர் 22 நிமிடம் விடாமல் திட்டிய அழைப்பு. 146/92.
மதிய இடைவேளை. 134/86.
இரவு 8 மணி. மாமனார் வீட்டில், பெரியவர்களை மருத்துவமனைக்கு யார் கூட்டிப்போவது என்று சண்டை. நான் வாய் திறக்கவில்லை. 151/94.
இரவு 10.30. மொட்டை மாடியில் தனியாக. 163/101.

24 மணி நேரச் சராசரி 139/88. தூக்கத்திலும் பெரிதாக இறங்கவில்லை. மாத்திரை எழுதிக்கொடுத்தார், உப்பைக் குறைக்கச் சொன்னார். "கோபத்தை அடக்குவதால் வந்ததா டாக்டர்?" என்று கேட்டதற்கு, "மாத்திரையை விடாமல் போடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். குறை சொல்லவில்லை, வெளியே கூட்டம் அப்படி.

நிஜமாகவே கோபத்தை வெளிக்காட்டாமல் இருப்பது உடம்பைக் கெடுக்குமா? அப்படியென்றால் 43 வயதில் நான் கத்தப் பழக வேண்டுமா?

---

கொளுத்திப்போடு எழுதியது:

பழகுங்க சார். குக்கருக்கே விசில் இருக்கு, மனுஷனுக்கு இருக்கக் கூடாதா? நான் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாய்விட்டுக் கத்துவேன். வீட்டில் ஒரு பழைய தலையணை இருக்கிறது, அதற்கு வாரம் இரண்டு முறை பூசை. எனக்கு அழுத்தமும் இல்லை, சர்க்கரையும் இல்லை. உங்கள் மாமனார் சொல்வதுதான் சரி.

---

வார்டு அக்கா எழுதியது:

26 வருடம் செவிலியராக இருந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். முதலில் மாத்திரை. இந்தத் திரியில் யார் என்ன சொன்னாலும் அதை நிறுத்தாதீர்கள். 'மனசு லேசாயிடுச்சு, மாத்திரை வேண்டாம்' என்று விட்டவர்களைப் பக்கவாதத்தோடு கொண்டுவந்து படுக்கவைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

பாதிக் குழப்பம் அந்தப் பெயரால் வந்தது. ரத்தம் எங்கேயும் கொதிப்பதில்லை. குழாய்ச் சுவரில் அழுத்தம் அதிகம், அவ்வளவுதான். பெயரில் 'கொதிப்பு' இருப்பதால் கோபக்காரர்களுக்கு வரும் நோய் என்று ஆகிவிட்டது. நிதானமான ஆட்கள், 'எனக்குப் போய் எப்படி வரும்' என்று வருடக்கணக்கில் அளந்தே பார்க்காமல் இருந்துவிடுகிறார்கள். பெரும்பாலானோருக்கு இன்னதுதான் என்று ஒற்றைக் காரணம் காட்ட முடியாது. பரம்பரை, வயது, உப்பு, எடை, குடி, நடமாட்டம் இல்லாதது எல்லாம் சேர்ந்து வருவது அது.

உங்கள் தாளைப் பார்த்ததும் எனக்குத் தோன்றிய கேள்விகள்:

11 மணிக்கு நீங்கள் பேசிக்கொண்டிருந்தீர்கள். பேசினாலே அளவு கூடும். அதனால்தான் அளக்கும்போது வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்கிறோம். ஆகவே அந்த 146 முழுவதையும் திட்டினவர் கணக்கில் எழுதாதீர்கள். மொட்டை மாடியில் அளவெடுத்தபோது அப்போதுதான் படி ஏறி வந்திருந்தீர்களா? அப்படியென்றால் அந்த 163-ஐயும் நம்ப முடியாது.

எனக்கு உறுத்துவது வேறு. தூங்கும்போது அழுத்தம் பகலை விட 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். உங்களுக்கு இறங்கவில்லை என்கிறீர்கள். குறட்டை உண்டா? நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது உண்டா? அது உங்களுக்குத் தெரியாது, உங்கள் மனைவியைக் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைப்படும் ஆட்களில் பலருக்கு ராத்திரியில் அழுத்தம் இறங்காது. கோபத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இதைக் கோட்டைவிட்டுவிடாதீர்கள்.

தலையணைத் தம்பிக்கு ஒரு வார்த்தை. பயங்கரமாகக் கத்திவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

---

பாதியில் விட்டவள் எழுதியது:

உளவியலில் ஆய்வுப் பட்டம் செய்யப் போய்ப் பாதியில் விட்டவள் நான். தலைப்பு கிட்டத்தட்ட இதேதான், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குக்கர் உவமையை முதலில் இறக்கிவைத்துவிடலாம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் மனிதன் அப்படி வேலை செய்வதில்லை. 2002-இல் பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 600 மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். முதலில் எல்லோருக்கும் கோபமூட்டினார். ஒரு பகுதியினரைக் கோபமூட்டினவனை நினைத்துக்கொண்டே குத்துமூட்டையைக் குத்தச் சொன்னார். இன்னொரு பகுதியினரை உடற்பயிற்சி என்று நினைத்துக் குத்தச் சொன்னார். மூன்றாவது பகுதி சும்மா உட்கார்ந்திருந்தது. அவனையே நினைத்துக் குத்தியவர்களுக்குத்தான் கடைசியில் கோபம் அதிகம். சும்மா உட்கார்ந்தவர்கள் அவர்களை விடத் தேவலாம். 2024-இல் அவரும் சோஃபி கியார்விக்கும் 154 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், 10,000-க்கும் மேற்பட்ட ஆட்கள். உடம்பின் பரபரப்பைக் குறைக்கும் எதுவும் கோபத்தைக் குறைக்கிறது. மூச்சுப் பயிற்சி, தியானம், தசைகளைத் தளர்த்துவது மாதிரி. பரபரப்பைக் கூட்டுபவை பொதுவாகக் குறைப்பதில்லை. ஓடுவதுகூட. வார்டு அக்கா சொன்னதற்கும் ஆதாரம் உண்டு. 2014-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில், கோபம் வெடித்த அடுத்த இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்கு ஆவது தெரிந்தது. ஆரோக்கியமான ஒருவருக்கு அந்த 5 மடங்கும் சின்ன எண்தான், பயப்பட வேண்டாம். ஆனால் 'கத்தினால் உடம்புக்கு நல்லது' என்பதற்கு இது சாட்சி சொல்லவில்லை.

அப்படியென்றால் விழுங்குவது நல்லதா? அதுவும் இல்லை. இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

நாம் 'அடக்குவது' என்று ஒரே சொல்லால் சொல்வதில் இரண்டு மூன்று வேலைகள் கலந்திருக்கின்றன. ஜேம்ஸ் கிராஸ் என்ற ஆய்வாளர் 1990-களிலிருந்து இதைப் பிரித்துக் காட்டிவருகிறார். ஒன்று, கோபம் வந்தபின் முகத்தையும் குரலையும் மட்டும் கட்டிப்போடுவது. உள்ளே கோபம் அப்படியே இருக்கும், காட்டாமல் இருக்கும் உழைப்பு வேறு கூடச் சேரும், உடம்பு பதறும். இன்னொன்று, நடந்ததையே வேறு கண்ணால் பார்ப்பது. 'இந்த ஆள் என்னைத் திட்டவில்லை, எங்கள் கம்பெனியைத் திட்டுகிறார், நான் கையில் கிடைத்தேன்' என்று நிஜமாகவே தோன்றிவிட்டால் கோபம் பாதியிலேயே வடிந்துவிடும். இதற்கு உடம்பு அந்த விலை கொடுப்பதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேருமே 'அமைதியான ஆள்'தான்.

உங்கள் தாளில் என்னை நிறுத்தியது மொட்டை மாடி. திட்டு வாங்கியபோது 146, சண்டை நடந்தபோது 151, தனியாக இருந்தபோது 163. எதிரே யாருமே இல்லாதபோதுதான் உச்சம். நீங்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? என் ஊகம், 8 மணிக்குச் சொல்லாததை எல்லாம் 10.30-க்குச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். 2024-இல் டைச்சி ஷிம்போவின் குழு 280 பேரிடம் ஒரு சோதனை செய்தது. கோபமூட்டிய ஒரு பழைய சம்பவத்தை 8 நிமிடம் நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு 40 நிமிடம் வரை ரத்தக் குழாய்கள் சரியாக விரிந்துகொடுக்கவில்லை. சோகத்தையும் பதற்றத்தையும் நினைத்தவர்களுக்கு அப்படி ஆகவில்லை. நினைப்பே போதுமாக இருக்கிறது, சண்டை தேவையில்லை.

சின்ன வகுப்பில் 'ஆறுவது சினம்' என்று படித்தோமே, அதில் வினையைக் கவனியுங்கள். அடக்குவது என்று ஔவை சொல்லவில்லை. புண்ணுக்கும் அதே வினைதான், ஆறும். நோண்டிக்கொண்டே இருந்தால் ஆறாது. உங்கள் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு போனது ஆற்றுவதற்கு. நீங்கள் அவரைப் பார்த்து மௌனத்தை மட்டும் கற்றுக்கொண்டீர்கள், அந்த நடையை விட்டுவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

அப்புறம் இரண்டு வீட்டு விஷயம். எமிலி பட்லர் 2003-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். முன்பின் அறியாத பெண்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, மனதைக் கலக்கும் ஒரு விஷயத்தைப் பேசச் சொன்னார்கள். ஒருத்தியிடம் மட்டும் ரகசியமாக 'உணர்ச்சியைக் காட்டாதே' என்று சொல்லியிருந்தார்கள். காட்டாதவளுக்கு மட்டுமல்ல, எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கும் ரத்த அழுத்தம் ஏறியது. கல்முகத்தோடு பேசுவது அவ்வளவு சிரமம். ஆனால் அவரே 2007-இல், அடக்குவதால் எதிரே இருப்பவரோடு பழகுவதில் வரும் பக்கவிளைவு எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை என்று காட்டினார். அடக்கம் மதிப்புள்ள விஷயம் என்ற ஆசியப் பண்பாட்டு எண்ணத்தோடு வளர்ந்தவர்களிடம் அது குறைவாக இருந்தது. 2011-இல் ஹாங்காங் மாணவர்களையும் ஐரோப்பிய வழி அமெரிக்கர்களையும் ஒப்பிட்ட வேறொரு ஆய்விலும் இதே கதை: உணர்ச்சியை மறைக்கும் வழக்கமும் மனநலக் குறைவும் அமெரிக்கர்களிடம் சேர்ந்து வந்தன, ஹாங்காங்கில் வரவில்லை.

இதில் எனக்குப் பிடித்தது கிடயாமா என்ற உளவியலாளரின் குழு 2015-இல் வெளியிட்டது. அமெரிக்கர்களிடம், கோபத்தை அதிகம் காட்டுகிறவர்களின் உடம்பில் அழற்சியும் இதய அபாயக் குறிகளும் அதிகம். ஜப்பானியர்களிடம் தலைகீழ், காட்டுகிறவர்களுக்குத்தான் அபாயம் குறைவு. ஏன்? ஜப்பானில் கோபத்தைக் காட்ட முடிகிறவர் பெரும்பாலும் காட்டும் இடத்தில் இருப்பவர், மேலே இருப்பவர். அமெரிக்காவில் வெளியே வரும் கோபம் பெரும்பாலும் வாழ்க்கையில் முட்டிமோதுகிறவரின் கோபம். அதாவது ஒரே கத்தல், ஒரு இடத்தில் அதிகாரத்தின் அடையாளம், இன்னொரு இடத்தில் கையாலாகாத கோபம். உடம்பு கத்தலை எண்ணுவதில்லை, அதற்குப் பின்னால் இருக்கும் நிலைமையைத்தான் எண்ணுகிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மாமனார் அந்த வீட்டில் எந்த இடத்தில் இருக்கிறார், நீங்கள் எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

---

ஊமைக்கோட்டான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, படி ஏறி வந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. உட்கார்ந்துதான் இருந்தேன். குறட்டை பற்றி மனைவியைக் கேட்டேன். "இப்பத்தான் கேட்கத் தோணுச்சா?" என்றாள். அன்று ராத்திரியே கைபேசியில் பதிவு செய்துவிட்டாள். கேட்டேன். 19 நொடி சத்தமே இல்லை. அதற்கப்புறம் வந்த சத்தத்தை இங்கே எழுத முடியாது.

பாதியில் விட்டவருக்கு: உங்கள் ஊகம் சரிதான், கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது. மாடியில் மச்சானுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலைந்து விதமாக, ஒவ்வொன்றும் முந்தினதை விட நன்றாக. "உங்களுக்கென்ன, ஹெட்போனை மாட்டிக்கிட்டு உட்கார்ற வேலைதானே, நீங்க கூட்டிட்டுப் போங்க" என்று அவன் சொன்னதற்கு. அந்தப் பதில்களில் எதையும் அவனிடம் நான் சொல்லப்போவதில்லை, அது எனக்கும் தெரியும்.

ஆனால் ஒன்று. அப்பாவைப் போல நான் எழுந்து வெளியே போனால் மனைவிக்கு இன்னும் ஏறுகிறது. அவள் பின்னாலேயே வருகிறாள்.

---

சத்தக்காரி எழுதியது:

இதற்குப் பதில் சொல்லத்தான் கணக்குத் திறந்தேன். நான் உங்கள் மனைவி இல்லை, ஆனால் உங்கள் மனைவிதான். கத்துகிற வீட்டில் பிறந்து ஊமை வீட்டில் வாழ்க்கைப்பட்டவள்.

எங்கள் வீட்டில் கத்துவது என்றால் 'உன்னோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்' என்று பொருள். பேச்சு நின்றால்தான் பயம். என் அத்தை ஒருத்தி என் அப்பாவிடம் ஒருமுறை கத்தாமல் போனாள், அதற்கப்புறம் 11 வருடம் வரவில்லை. அதனால் என் கணவர் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து போகும்போது எனக்குக் கேட்பது 'நீ ஒரு ஆளே இல்லை' என்பதுதான். அவர் நினைப்பது 'இவளைக் காயப்படுத்திவிடக் கூடாது' என்று. இதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒன்பது வருடம் ஆனது. பின்னால் போய்க் கத்துவேன், அவர் இன்னும் மூடுவார், நான் இன்னும் கத்துவேன். அந்த ஆய்வில் எதிரே உட்கார்ந்த பெண்ணுக்கு அழுத்தம் ஏறியது என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும்.

நீங்கள் கத்தப் பழக வேண்டாம். வராது. என் கணவர் ஒருமுறை முயன்றார், நானும் பிள்ளைகளும் சிரித்துவிட்டோம், பாவம். எழுந்து போகும்போது இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள், அது போதும். "கோபமா இருக்கேன், இருபது நிமிஷத்துல வரேன்." எத்தனை நிமிடம் என்று சொல்வது முக்கியம். சொன்ன நேரத்தில் திரும்பி வருவது அதை விட முக்கியம். முதல் தடவை உங்கள் மனைவி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பாள், தப்பாக நினைக்காதீர்கள்.

---

பாதியில் விட்டவள் எழுதியது:

சத்தக்காரி சொன்னதை நான் ஐந்து பக்கத்தில் எழுதியிருப்பேன், இவ்வளவு தெளிவாக வந்திருக்காது.

வேலை பற்றி ஒன்று விட்டுப்போனது. சம்பளத்துக்காக முகத்தையும் மனதையும் ஏற்பாடு செய்துகொள்வதும் ஒரு உழைப்புதான் என்று 1983-இல் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட் எழுதினார். அவர் பார்த்தது விமானப் பணிப்பெண்களை. கூடவே கடன் வசூலிப்பவர்களையும். முதல் கூட்டம் கோபத்தை மறைத்துச் சிரிக்க வேண்டும், இரண்டாவது கூட்டம் இல்லாத கோபத்தைக் காட்ட வேண்டும். உங்கள் மேசைக் கண்ணாடி அவருக்குக் கிடைத்திருந்தால் ஒரு அத்தியாயம் எழுதியிருப்பார். மேலோட்டமாக நடிப்பதுதான் ஆளை அதிகம் உருக்குகிறது என்று பிறகு வந்த ஆய்வுகளும் சொல்கின்றன. 22 நிமிடத் திட்டுக்குப் பிறகு எழுந்து நடக்க இடைவேளை தருவது கம்பெனியின் வேலை. எல்லாவற்றையும் உங்கள் மனப்பக்குவத்தின் தலையில் கட்டாதீர்கள்.

இன்னொன்று. அந்த மாடியில் இருந்தது கோபம்தானா? தாஹிட்டியில் வேலை செய்த ராபர்ட் லெவி என்ற மருத்துவ-மானுடவியலாளர், அங்கே கோபத்துக்கு ஏராளமான சொற்கள் இருப்பதையும், சோகத்துக்கு அப்படிச் சொற்கள் இல்லாததையும் கவனித்தார். துணையைப் பிரிந்தவர்கள் தங்களுக்கு உடம்பு சரியில்லை, அசதியாக இருக்கிறது என்றார்களாம். சொல் இல்லாதது உடம்புக் கணக்கில் போய்விடுகிறது. நமக்குச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஆத்திரம், எரிச்சல், கடுப்பு, பொருமல், கறுவுவது, மனத்தாங்கல். எது என்று சரியாகப் பெயர் வைத்தாலே அதன் சூடு கொஞ்சம் தணிவதாக மூளைப் படங்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 'ஹெட்போனை மாட்டிக்கிட்டு உட்கார்ற வேலை' என்று ஒருவன் எல்லோர் முன்னாலும் சொன்னால் வருவதற்கு என்ன பெயர்?

---

ஊமைக்கோட்டான் எழுதியது:

அவமானம்.

இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வேறு எந்தச் சொல்லும் பொருந்தவில்லை.

---

ஊமைக்கோட்டான் எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தூக்கப் பரிசோதனையில் மூச்சுத் தடை இருப்பது உறுதியாகிவிட்டது. மணிக்கு 24 முறை, நடுத்தரமாம். இரவில் மூச்சு தடைப்படாமல் காற்றைச் செலுத்தும் முகமூடி மாட்டிக்கொண்டு தூங்குகிறேன். அக்காவுக்கு என் மனைவி தனியாக நன்றி சொல்லச் சொன்னாள், அவளும் இப்போதுதான் தூங்குகிறாளாம். மாத்திரை தொடர்கிறது. காலையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து அளந்தால் 126, 128 என்று வருகிறது. இதில் மாத்திரைக்கு எவ்வளவு, முகமூடிக்கு எவ்வளவு, மற்றதற்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது என்று மருத்துவரே சொல்லிவிட்டார்.

மொட்டை மாடிக்குப் போவதை விட்டுவிட்டேன். தெருவில் நடக்கிறேன். உட்கார்ந்தால்தான் வசனம் வருகிறது, நடக்கும்போது நாய் குறுக்கே வருகிறது, வண்டி வருகிறது, வசனம் அறுந்துபோகிறது. "இருபது நிமிஷம்" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறேன். முதல் தடவை மனைவி ஒன்றும் பேசவில்லை, எனக்கே பயமாகிவிட்டது. திரும்பி வந்தபோது வாசலில் நின்று, "இருபத்தி மூணு ஆச்சு" என்றாள்.

மச்சானிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன், சண்டை இல்லாத ஒரு நாளில். "அன்னிக்கு என் வேலையைப் பத்தி நீ சொன்னது எனக்கு அவமானமா இருந்துச்சு." கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். "மாமா, நீங்க அதைக் கேட்டீங்கன்னே எனக்குத் தெரியாது" என்றான். 14 வருடமாக நான் எதையும் கேட்பதில்லை என்றே நினைத்திருக்கிறான்.

வேலையில் மாற்றம் எதுவும் இல்லை. கண்ணாடி அங்கேயே இருக்கிறது. இடைவேளை கேட்டு எழுதிக்கொடுத்திருக்கிறோம், ஏழு பேர் கையெழுத்து.

போன ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்கு அளக்கும் கருவியைக் கொண்டுபோயிருந்தேன். எல்லோரும் கையை நீட்டினார்கள். மாமனாருக்கு 128/80. "பாத்தீங்களா மாப்பிள்ளை, மனசுல எதையும் வெச்சுக்கக் கூடாது" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். உள்ளேயிருந்து மாமியார் அதை விடச் சத்தமாக, "ஒன்பது வருஷமா நாளைக்கு ரெண்டு பிரஷர் மாத்திரை போடறாரே, அதைச் சொல்லலையா?" என்றார்.

என் மனைவிக்கே அது தெரியாது.